எதிரே ரத்தமும் சதையுமா ஒரு ஆள் வேணும்! ‘ஃப்ளெஷ் அண்ட் பிளட்’ கார்டு கேமுக்குள் நுழைவது எப்படி?

வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஆக்லாந்து, சிங்கப்பூர், டொரன்டோ என்று போய் இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாரநாள்கள் எப்படியோ ஓடிடும், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இழுக்கும் என்பார்கள். ஊர் நண்பர்கள் போனுக்குள் இருக்கிறார்கள். ஆபீஸ் நண்பர்கள் ஆபீஸோடு சரி. அந்த மாதிரி நகரங்களில் ‘கேம் ஸ்டோர்’ என்று சில கடைகள் உண்டு. முன்பக்கம் அலமாரி நிறைய போர்டு கேம் பெட்டிகள், பின்பக்கம் நீளமான மேஜைகள். வாரத்தில் ஏதோ ஒருநாள் மாலை, காலேஜ் பையன், ஐ.டி ஊழியர், ரெண்டு பிள்ளைக்கு அப்பா என்று கலவையாக ஒரு கூட்டம் அங்கே உட்கார்ந்து கார்டு ஆடிக்கொண்டிருக்கும்.

அங்கே ஆடப்படுகிற மேஜிக், போகிமான், யுகி-ஓ மூன்றும் 1990-களில் பிறந்தவை. 2019-ல் வந்த ‘ஃப்ளெஷ் அண்ட் பிளட்’ அவற்றோடு ஒப்பிட்டால் நேத்துப் பிறந்த பிள்ளை. ஆடுகிறவர்கள் செல்லமாக ‘ஃபேப்’ என்பார்கள். இதுக்குள்ள நுழையணும்னா என்ன வாங்கணும், எவ்வளவு செலவாகும், யாரிடம் கத்துக்கிறது என்பதுதான் புதியவர்களின் கேள்வி. கடைசிக் கேள்வியை முதலில் கேட்டால் மற்ற இரண்டுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

சீட்டு இல்லை, டெக்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘கார்டு ஆடப் போறேன்’ என்றால் நம் வீடுகளில் முகம் மாறும். ரம்மி மாதிரி காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை இது. ரம்மியில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுக்கட்டு. டிரேடிங் கார்டு கேமில் ஆளுக்கு ஒரு கட்டு. ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி, வீட்டிலேயே கட்டு தயாரித்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதைத்தான் ‘டெக்’ என்கிறார்கள். 90-ஸ் கிட்ஸ் ஆடிய டிரம்ப் கார்டில் உயரமும் எடையும் ஒப்பிட்டுப் பார்த்தோமே, அது எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலை என்றால் இது கதை எழுதுகிற நிலை.

பெயரிலேயே விஷயம் இருக்கு

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் ‘லெஜண்ட் ஸ்டோரி ஸ்டூடியோஸ்’தான் இதை உருவாக்கிய நிறுவனம். அதன் நிறுவனர் ஜேம்ஸ் ஒயிட். 2012-ல் தொடங்கிய நிறுவனம், ஏழு வருஷம் இந்த ஒரே கேமை இழைத்து இழைத்து, 2019 அக்டோபரில் ‘வெல்கம் டு ராத்தே’ என்ற முதல் தொகுப்பை வெளியிட்டது. ராத்தே என்பது கதை நடக்கிற கற்பனை உலகம்.

பெயர் ஏதோ ரத்தக்களறிப் படத் தலைப்பு மாதிரி இருந்தாலும் காரணம் வேறு. மனுஷங்க ரத்தமும் சதையுமாக எதிரெதிரே உட்கார்ந்து ஆட வேண்டும் என்பதுதான் கேமின் நோக்கம் என்று நிறுவனமே சொல்லி வருகிறது. எல்லா கார்டு கேமும் மொபைல் ஆப்பாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், ‘நீ கடைக்கு வா, எதிரே ஒருத்தர் உட்காரட்டும்’ என்று ஒரு கம்பெனி சொன்னது துணிச்சல்தான்.

அந்தத் துணிச்சலுக்குச் சோதனையும் உடனே வந்தது. இரண்டாவது தொகுப்பான ‘ஆர்க்கேன் ரைசிங்’ வெளியானது 2020 மார்ச்சில். உலகமே கதவைச் சாத்திக்கொண்ட அதே மாதம்! நேரில் ஆடுவதற்கென்றே செய்த கேமுக்கு நேரில் ஆட இடமில்லை. வெப்கேமை மேஜையைப் பார்த்துத் திருப்பி வைத்து ஆடிச் சமாளித்தார்கள். கேம் பிழைத்துக்கொண்டது. 2022-ல் நியூஜெர்சியில் முதல் ‘புரோ டூர்’ போட்டியும், அதே வருஷம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவில் முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தன.

நாலே கார்டு... நாற்பது யோசனை

இப்போ ஆட்டத்துக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஹீரோ. ஹீரோவுக்குத் தலை, மார்பு, கை, கால் என நான்கு இடங்களில் கவசம், கையில் ஆயுதம். இவையெல்லாம் ஆட்டம் தொடங்கும்போதே மேஜையில் இருக்கும். எதிராளி ஹீரோவின் உயிர்ப்புள்ளியைப் பூஜ்ஜியமாக்கினால் ஜெயிச்சாச்சு. ‘பிளிட்ஸ்’ என்ற குட்டி ஆட்டத்தில் 40 கார்டு டெக், ஹீரோவுக்குப் பெரும்பாலும் 20 உயிர். ‘கிளாசிக் கன்ஸ்ட்ரக்டட்’ என்ற பெரிய ஆட்டத்தில் குறைந்தது 60 கார்டு, உயிர் சுமார் 40.

கையில் வழக்கமாக நான்கே கார்டுகள். ஆனால், ஒவ்வொரு கார்டும் பல வேலை செய்யும். அதை வைத்துத் தாக்கலாம். எதிராளியின் தாக்குதலைத் தடுக்கலாம். இன்னொரு கார்டுக்கான விலையாகவும் கொடுக்கலாம். இப்படி விலையாகக் கொடுப்பதை ‘பிட்ச்’ என்கிறார்கள். கார்டின் மேல்பக்கம் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். சிவப்பு என்றால் 1, மஞ்சள் என்றால் 2, நீலம் என்றால் 3. ஒரே பெயருள்ள கார்டு மூன்று நிறத்திலும் வரும். சிவப்பில் அடி பலமாக இருக்கும், விலையாகக் கொடுத்தால் ஒண்ணுதான் தேறும். நீலத்தில் அடி மெத்தனம், ஆனால் பர்ஸ் கனம்.

மேஜிக் ஆடியவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். அங்கே விலை கொடுக்க ‘லேண்ட்’ என்று தனி கார்டு வேண்டும். அது கையில் வரவே இல்லை என்றால் ஒன்றுமே செய்யாமல் தோற்றுப்போகிற கொடுமை உண்டு. இங்கே கையில் வரும் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் காசுதான். முதல் நாள் ஆடுகிறவரும் ‘எனக்கு கார்டே வரல’ என்று புலம்பத் தேவையில்லை. தோற்றால், எந்த முறையில் என்ன செய்திருக்கலாம் என்று திரும்பிப் பார்க்க முடிகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய உதவி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எதிராளி 7 பலத்தில் தாக்குகிறார். உங்கள் கையில் நாலு கார்டு, ஒவ்வொன்றும் 3 தடுக்கும். மூன்று கார்டு போட்டால் அடியே விழாது. ஆனால் அடுத்து உங்கள் முறை வரும்போது கையில் ஒரே கார்டு. அதைப் பிட்ச் செய்து ஆயுதத்தால் ஒரு வெட்டு வெட்டலாம், அவ்ளோதான். ரெண்டு கார்டு போட்டால் 1 உயிர் போகும், பதிலடி கொடுக்க ரெண்டு கார்டு மிஞ்சும். எதுவுமே போடாமல் ஏழையும் வாங்கிக்கொண்டால், நாலு கார்டோடு திருப்பி அடிக்கலாம். உங்கள் முறை முடியும்போதுதான் மறுபடி நாலாக நிரப்பிக்கொள்வீர்கள். ஆக, வாங்குகிற ஒவ்வொரு அடியும் ஒரு பேரம். இன்னிக்கு எவ்வளவு இழந்தால் நாளைக்கு எவ்வளவு அடிக்கலாம்? இந்தக் கணக்குதான் இந்த கேமின் உயிர்.

இன்னொரு அழகும் உண்டு. தாக்கிய கார்டும் தடுத்த கார்டும் கழிவுக் குவியலுக்குப் போய்விடும். பிட்ச் செய்தவை மட்டும் முறை முடிவில் டெக்கின் அடியில் போய்ச் சேரும். எந்த வரிசையில் வைப்பது என்பது உங்கள் இஷ்டம். கைதேர்ந்தவர்கள் அந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் கழித்து அந்தக் கார்டுகள் அதே வரிசையில் மேலே வரும்போது காத்திருந்து அடிப்பார்கள். புதியவர்கள் இதைப் பற்றி முதல் மாதம் கவலைப்படவே வேண்டாம். எதிராளி உங்களை அப்படி அடித்தால் மட்டும், ‘இப்ப என்ன பண்ணீங்க?’ என்று கேட்டுவிடுங்கள். சந்தோஷமா சொல்வாங்க!

எந்த ஹீரோ உங்க ஆளு?

முதல் தொகுப்பில் வந்த நால்வரைப் பார்த்தாலே ஹீரோக்களின் குணம் பிடிபடும். ரைனார் ஒரு முரடன். கையில் இருக்கும் கார்டைக் குருட்டாம்போக்கில் தூக்கிப்போட்டு வெறியேற்றிக்கொள்வான். பிராவோ, சுத்தியல் ஏந்திய காவலன். மெதுவாகச் சேர்த்து வைத்து ஒரே போடு போடுவான். அவனுடைய ‘கிரிப்ளிங் கிரஷ்’ கார்டின் விலை 7, அடி 11. கட்ஸு ஒரு நிஞ்சா. சின்னச் சின்ன அடியாகக் கோத்துக்கொண்டே போவான். டொரிந்தியா வாள் வீராங்கனை. அவள் வெட்டு ஒருமுறை மேலே பட்டுவிட்டால் அதே வாளால் இன்னொரு வெட்டுக்கு வாய்ப்பு. இதற்குப் பிறகு மந்திரவாதி, வில்லாளி, இயந்திர மேதை, கொலையாளி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

எந்த ஹீரோ ஜெயிக்கிறார் என்று நெட்டில் தேடித் தேர்ந்தெடுப்பதைவிட, எந்த மாதிரி ஆடினால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே மேல். இதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ‘லிவிங் லெஜண்ட்’ என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பெரிய போட்டிகளில் ஒரு ஹீரோவை வைத்து யாராவது ஜெயித்தால் அந்த ஹீரோவுக்குப் புள்ளிகள் சேரும். கிளாசிக்கில் 1,000 புள்ளி தாண்டினால் அந்த ஹீரோவுக்கு மரியாதையோடு ரிட்டயர்மென்ட்! அந்த வகை ஆட்டத்தில் அப்புறம் அவரைப் பயன்படுத்த முடியாது. இதனால் ஒரே ஹீரோ வருஷக்கணக்கில் எல்லோரையும் மிரட்ட முடியாது. அதே சமயம், ‘இவர்தான் இப்ப டாப்’ என்று ஒருவர் மேல் காசைக் கொட்டினால், அவர்தான் சீக்கிரம் விடைபெறப்போகிறவராகவும் இருக்கக்கூடும். புள்ளிப்பட்டியலை நிறுவனத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். டெக் வாங்குமுன் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். ஹீரோ போனாலும் அதே வகுப்பைச் சேர்ந்த அடுத்த ஹீரோவுக்குப் பெரும்பாலான கார்டுகள் பொருந்தும் என்பது ஆறுதல்.

பர்ஸைத் திறக்கும் முன்...

கொஞ்சம் கறாராகவே பேச வேண்டிய இடம் இது. கடைக்குள் போனதும் கண்ணைப் பறிப்பது பூஸ்டர் பாக்கெட். உள்ளே என்ன கார்டு இருக்கும் என்று தெரியாது. சாதாரண கார்டுகளில் தொடங்கி மெஜஸ்டிக், லெஜண்டரி, ஃபேபிள்டு என்று அரிதான வகைகள் உண்டு. பிரித்துப் பார்க்கும் அந்த அஞ்சு செகண்ட் சுகம் லாட்டரிச் சீட்டு சுரண்டுவதற்குச் சமம். மேஜையில் காசு வைத்து ஆடுவதில்லை என்று மேலே சொன்னது உண்மைதான். ஆனால், இந்த பாக்கெட்டில் அந்தச் சாயல் இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2020, 2021-ல் உலகம் முழுக்க கார்டு சேகரிப்பு ஜுரம் அடித்தது. ‘ஆல்ஃபா’ எனப்படும் இந்த கேமின் முதல் அச்சுப் பெட்டிகளின் விலை கிடுகிடுவென ஏறியது. ‘ஃபையெண்டால்ஸ் ஸ்பிரிங் ட்யூனிக்’ என்றொரு மார்புக் கவசம் உண்டு. எந்த ஹீரோவும் அணியலாம் என்பதால் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. ஒற்றைக் கார்டு, பல நூறு டாலருக்குக் கைமாறியது. ஆடவே தெரியாதவர்கள்கூட ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். அப்புறம் ஜுரம் இறங்கியது. அடுத்தடுத்து வந்த தொகுப்புகளின் பெட்டிகள் பல, வாங்கிய விலைக்குக்கூடப் போகாமல் தேங்கின. நிறுவனமும் 2022-ல் பழைய கார்டுகளை ‘ஹிஸ்டரி பேக் 1’ என்று மறுபடி அச்சிட்டது. ஆடுகிறவர்களுக்கு அது நல்ல சேதி, பதுக்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

ஆகவே, ஆட விரும்புகிறவர் பெட்டி வாங்கி ஆரம்பிக்க வேண்டாம். கடைகளில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க டெமோ டெக்குகள் இருக்கும். ஆரம்ப காலத்தில் ‘ஐரா வெல்கம் டெக்’ என்று இலவசமாகவே கொடுத்தார்கள். முதலில் அதில் நாலு ஆட்டம் ஆடுங்கள். பிடித்தால், ஒரே ஹீரோவுக்கென்று கட்டித் தயாராக விற்கும் டெக் ஒன்று வாங்குங்கள். 2024-லிருந்து வரும் ‘ஆர்மரி டெக்’ வரிசை, பிரித்த கையோடு பெரிய ஆட்டத்துக்கே எடுத்துப்போகத் தோதானது. பத்து, பதினைந்து ஆட்டம் ஆடிய பிறகு எந்தக் கார்டு உதவவில்லை என்று உங்களுக்கே தெரியும். அப்போது அந்த இடத்துக்கு வேண்டியதை மட்டும் ஒற்றைக் கார்டாக வாங்கலாம். அரிதான கவசங்களை அவசரப்பட்டு வாங்காதீர்கள். வாராந்தர ஆட்டத்தில் சாதாரணக் கவசத்தோடு தாராளமாக ஜெயிக்கலாம்.

ஸ்லீவ் மட்டும் முதல் நாளே வாங்குங்கள். கார்டுகளுக்குப் போடும் பிளாஸ்டிக் உறைதான் ஸ்லீவ். மேஜிக், போகிமான் கார்டுகளின் அளவேதான் இதற்கும். மூலை மடங்கிய கார்டு அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், உறை போடாமல் போட்டிக்குப் போனால் சிக்கல் வரும்.

முதல் நாள் கடையில்...

கடைகளில் வாராவாரம் நடக்கும் ஆட்டத்துக்குப் பெயர் ‘ஆர்மரி’. எந்தக் கடையில், எந்த நாளில் என்று நிறுவனத்தின் இணையதளத்தில் ஊர் பெயர் போட்டுத் தேடலாம். அதிலேயே இலவசக் கணக்கு தொடங்கினால் உங்களுக்கென்று ஓர் எண் கிடைக்கும், போட்டியில் பெயர் கொடுக்க அது வேண்டும். போவதற்கு முன் கடைக்கு ஒரு போன் போட்டு, ‘நான் புதுசு, இந்த வாரம் பிளிட்ஸா கிளாசிக்கா?’ என்று கேட்டுவிடுவது உத்தமம். 40 கார்டு டெக்கோடு போய் 60 கார்டு ஆட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். முடிந்தால் அரை மணி நேரம் முன்னாடியே போங்கள். கற்றுக்கொடுக்க ஆள் ஃப்ரீயாக இருக்கும் நேரம் அதுதான்.

ஆட்டம் சுவிஸ் முறையில் நடக்கும். பிள்ளைகளைச் செஸ் போட்டிக்கு அழைத்துப்போன பெற்றோருக்கு இது பழக்கம்தான். தோற்றால் வெளியே அனுப்ப மாட்டார்கள். அடுத்த சுற்றில் உங்களைப் போலவே தோற்றவரோடு ஆட வைப்பார்கள். ஆக, முதல் சுற்றில் சாம்பியனிடம் அடி வாங்கினாலும், மூன்றாவது சுற்றில் உங்கள் தரத்துக்கு ஒருவர் கிடைத்துவிடுவார்.

மேஜையில் சில பழக்கங்கள் உண்டு. உட்கார்ந்ததும் பெயர் சொல்லிக் கை கொடுப்பார்கள். உங்கள் டெக்கைக் கலைத்து எதிராளியிடம் வெட்டக் கொடுக்க வேண்டும். அவர் கார்டைப் படித்துப் பார்க்கணும்னா, தொடும் முன் கேட்க வேண்டும். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். ‘இந்த நீலத்தைப் பிட்ச் பண்றேன், மூணு கிடைக்குது, ரெண்டு செலவு, அஞ்சு அடி’ என்கிற மாதிரி. மௌனமாக ஆடினால் ஏமாற்றுகிறோமோ என்ற சந்தேகம் வரும். ஆர்மரியில் விதிகள் தளர்வானவை. தப்பாகப் போட்ட கார்டைத் திருப்பி எடுக்க வேண்டுமென்றால் எதிராளியைக் கேட்டுப் பாருங்கள், பலரும் சரி என்பார்கள். ‘காலிங்’, ‘நேஷனல்ஸ்’ போன்ற பெரிய போட்டிகளில் அந்தத் தாராளம் எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், தயவுசெய்து குளித்துவிட்டுப் போங்கள். சின்ன ரூம், இருபது பேர், நாலு மணி நேரம். சிரிப்பாக இருந்தாலும் இது சீரியஸ் அறிவுரை.

இந்தக் கடைகளில் இன்னமும் ஆண்கள் கூட்டம்தான் அதிகம். முதல்முறை போகும் பெண்கள் ஒரு தோழியோடு போய், ஆடாமல் சும்மா அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். புதுசா ஒருவர் உள்ளே வந்தால் யாராவது தலை நிமிர்ந்து ‘ஆட வந்தீங்களா?’ என்று கேட்கிறார்களா, தோற்கும் புதியவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு கடை சரியில்லை என்றால் கேமைக் குறை சொல்ல வேண்டாம், வேறு கடை பாருங்கள். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

புதியவர்கள் நுழைய ரொம்பவே நல்ல நேரம் ஒன்று உண்டு, ‘ப்ரீ-ரிலீஸ்’. புதுத் தொகுப்பு கடைக்கு வருவதற்குச் சற்று முன் நடக்கும் இந்த நிகழ்ச்சியில், டெக் எதுவும் கொண்டுபோக வேண்டாம். ஆளுக்கு ஆறு பாக்கெட் கொடுப்பார்கள். அங்கேயே பிரித்து, அதிலிருந்து 30 கார்டு டெக் கட்டி ஆட வேண்டும். அஞ்சு வருஷ அனுபவசாலியும் அந்தக் கார்டுகளை அன்றைக்குத்தான் கையில் எடுக்கிறார். பக்கத்து சீட்காரரிடம் ‘இது நல்ல கார்டா?’ என்று கேட்க இதைவிடத் தோதான சந்தர்ப்பம் அமையாது. பாக்கெட் வாங்கியே தீருவேன் என்பவர்கள் அந்தக் காசை இங்கே செலவழிக்கட்டும்.

கடை இல்லாத ஊர்ல?

ரசிகர்கள் நடத்தும் ‘டாலிஷார்’ என்ற இலவசத் தளம் இருக்கிறது. பிரவுசரிலேயே ஆடலாம், விதிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். ஹீரோக்களை வாங்காமலேயே முயன்று பார்க்க அருமையான வசதி. ஆனால், வேகம் அதிகம், யாரும் நின்று விளக்க மாட்டார்கள். முதல் ஆட்டத்தை அங்கே தொடங்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

அதைவிட, வீட்டில் ஒருவரைப் பிடிப்பது சுலபம். தம்பியோ, ரூம்மேட்டோ, சாயங்காலம் சும்மா இருக்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. ‘கிளாசிக் பேட்டில்ஸ்’ என்று 2022-ல் வந்த பெட்டியில் ரைனார், டொரிந்தியா இருவருக்கும் தயார்நிலை டெக்குகள் சேர்ந்தே இருக்கும். வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. முரடனை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் வாளை எடுத்துக்கொள்ளுங்கள், கற்றுக்கொடுக்க அது கொஞ்சம் எளிது.